ஊரைக் கேட்டும் முகர்ந்தும் தொட்டும் வரையட்டும் மாணவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைத் திருவிழா 2022ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து ஓவியப் பாடவேளைக்குக் கிடைத்துவரும் மதிப்பை, கும்பகோணத்தில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரியும் நான் மகிழ்ச்சியோடு பார்த்து வருகிறேன். அந்த மகிழ்ச்சியே ஒரு வேண்டுகோளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்கும் துணிவையும் தந்தது. 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தால், மாணவர்களில் பெரும்பாலோர் ஒரு கோபுரம், அதன் பின்னால் சூரியன், முன்னால் ஒரு குளம் என்று வரைந்து முடித்துவிடுகிறார்கள். கைப்பேசியில் பார்த்த படத்தின் நகல் அது. வரைந்த பிள்ளை வளர்ந்தது கும்பகோணத்திலா காஞ்சிபுரத்திலா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளின் கைத்திறனில் குறை இல்லை. ஊரைக் கண்ணால் மட்டும், அதுவும் யாரோ எடுத்த படத்தின் வழியாக மட்டும் அறிய வைத்திருப்பதுதான் குறை.

ஆகவே, ஊரைப் பற்றிய ஓவியச் செயல்திட்டம் எதுவானாலும், முதலில் மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று, கேட்கவும் முகரவும் தொடவும் சுவைக்கவும் விட்டு, அதன் பிறகே தாளையும் வண்ணத்தையும் கையில் கொடுக்க வேண்டும்.

எங்கள் மாணவர்களைச் சுவாமிமலையில் உள்ள சிற்பக்கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சும் வாசனை, கூடத்துக்குள் நுழையும் முன்பே தெருவுக்கு வந்துவிடுகிறது. மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரியின் வண்டல் மண்ணைக் குழைத்து முதல் பூச்சாகப் பூசுகிறார்கள். அது காய்ந்தபின் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். இவ்வளவையும் பாடப்புத்தகத்தில் எழுதிவிடலாம். ஆனால் அந்த வண்டல் எவ்வளவு நைசானது என்பதும், சிலையின் நகக்கண்ணும் நகைகளின் மணியும் வார்ப்பில் அத்தனை துல்லியமாக விழுவதற்கு அந்த நைசுதான் காரணம் என்பதும் விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால்தான் விளங்கும். அங்கிருந்த ஸ்தபதி எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண்ணை வைத்து, "தேய்ச்சுப் பாரும்மா, மாவு மாதிரி இருக்கும்" என்றார். அவள் பிறகு வரைந்த படத்தில் நடராசரும் இல்லை, கோபுரமும் இல்லை. தாள் நிறைய ஒரே ஒரு உள்ளங்கை. அதன் ரேகைகளுக்கு, கேட்டு வாங்கி வந்த அந்த வண்டலையே பசையில் கலந்து பூசியிருந்தாள். சுவாமிமலையைப் பற்றி நான் பார்த்த மாணவர் ஓவியங்களில் அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

ஓசையை வரைவது இன்னும் கடினம். அதனாலேயே அது நல்ல பயிற்சி. பாத்திரக் கடையில் பித்தளைக் குடத்தை வாங்குபவர் சுண்டிப் பார்க்கும்போது எழும் நாதத்தையும், தாராசுரத்துத் தெருக்களில் கேட்கும் தறிச் சத்தத்தையும் கோடுகளின் அழுத்தமாகவும் இடைவெளியாகவும் மாற்றச் சொன்னால், பிள்ளைகள் சற்றுத் திகைத்துவிட்டுப் பிறகு நாம் எதிர்பாராத வழிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அதே தாராசுரத்தில், தட்டினால் இசை எழுப்பும் ஐராவதேசுவரர் கோயில் படிக்கட்டு கம்பித் தடுப்புக்குள் இருக்கிறது. உலக மரபுச் சின்னத்தைக் காக்க அது தேவையே. தொடக் கூடாதவை எவை, ஏன் என்பதையும் பிள்ளைகள் அங்கேயே கற்கட்டும். வெற்றிலைக் கவுளியின் காரமான மணம், டிகிரி காப்பி, மேட்டூரில் தண்ணீர் திறந்தபின் காய்ந்து கிடந்த ஆற்று மணலில் புதுத்தண்ணீர் ஏறும்போது எழும் வாசனை என்று இந்த ஊருக்கே உரியவை இன்னும் எத்தனையோ உண்டு.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் ஓவிய வகுப்பில் இன்று பெரும்பாலும் ஓரமாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். களிமண், கயிறு, உமி, துணி ஆகியவற்றைக் கொண்டு தொட்டு அறியும் படைப்புகளுக்கும் இடம் தந்தால், அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாக ஊரைப் படைத்துக் காட்டுவார்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இதற்குப் பெரும் செலவு ஆகாது. ஆண்டுக்கு ஒரு முழு நாள் அனுமதி, வாகன வசதி, துணைக்கு இரண்டு ஆசிரியர்கள், வெயில் ஏறும் முன் முடியும்படியான பயண நேரம் ஆகியவை போதும். தம் வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கும் கைவினைஞர்களுக்கு மதிப்பூதியம் கட்டாயம் வழங்க வேண்டும். அவர்களுக்கு அரை நாள் வேலை போனால் அரை நாள் கூலி போகிறது. போட்டிகளில் மதிப்பெண் இடும்போதும், உருவ ஒற்றுமையை மட்டும் பாராமல், மாணவர் தாமே அறிந்து வந்த ஒன்று படைப்பில் இருக்கிறதா என்று நடுவர்கள் பார்க்க வேண்டும்.

2028ஆம் ஆண்டு மகாமகம் வருகிறது. அதற்கான பணிகளில் சாலைகளும் கடைத்தெருக்களும் மாறக்கூடும். அதற்கு முன்பே, இன்றைய கும்பகோணத்தின் ஓசையையும் மணத்தையும் தொடு உணர்வையும் நகரின் எல்லாப் பள்ளி மாணவர்களும் தம் படைப்புகளில் பதிவு செய்யவும், அவற்றை மகாமகத்தின்போது வருவோர் பார்க்கும்படி கண்காட்சியாக வைக்கவும், பள்ளிக் கல்வித் துறையும் மாநகராட்சியும் இணைந்து இந்தக் கல்வியாண்டிலேயே ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.