அந்தப் பெயரை அவனுக்குக் கொடுத்துவிட்டேன்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் கார் ஓட்டப் பழகுகிறான், சின்னவளுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கிறது, மழை வழக்கம்போல. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி சொன்னாள். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டிவரும், போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் மொட்டை பேசினான். நம்ம இசைக்குழுவைத் திரும்ப ஆரம்பிக்கப் போகிறானாம். மூன்று பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள், அதில் மூத்தவனுக்கே 24 வயதுதான். புதுப் பெயர் வைக்கவில்லை. நம்ம பெயரேதான். "உனக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன்.

கடிதத்தைக் கிழிக்காதே, முழுக்கப் படி.

அந்தக் கப்பல்காரர் கேசட் உனக்கு மறந்திருக்காது. ஒரு பக்கம் டி.ஆர்.ஐ.யின் 'கிராஸ்ஓவர்', மறு பக்கம் தி அக்யூஸ்ட்டின் 'மோர் ஃபன் தேன் அன் ஓபன் காஸ்கெட் ஃப்யூனரல்'. இரண்டும் 1987-இல் வந்த அமெரிக்கக் குழுக்களின் ஆல்பங்கள். நீ பங்க் கட்சி, மொட்டை மெட்டல் கட்சி. பங்க்கின் கடுமையான வகையான ஹார்ட்கோரின் வேகமும் கோபமும்தான் உயிர் என்பாய் நீ, கனமான கிடார் இல்லாவிட்டால் அது வெறும் கத்தல் என்பான் அவன். நம் வாடகை அறையில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டிய கேசட் அது ஒன்றுதான். உங்கப்பா உறையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏட்டு வீட்டில் அக்யூஸ்டா? எந்தக் கேஸ்?" என்று கேட்டாரே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இத்தனை வருடம் சியாட்டில் பக்கத்திலேயே குடியிருந்தும் தி அக்யூஸ்ட் குழு பிறந்த ஊருக்கு நான் போனதில்லை. மொட்டை பேசிய மறு ஞாயிறு சின்னவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முக்கில்டியோவில் காரோடு படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் விட்பி தீவு. அங்கிருந்து வடக்கே வயல், தோப்பு, கடல் என்று ரொம்ப நேரம் ஓட்டினால் ஓக் ஹார்பர். அமெரிக்கக் கடற்படையின் விமானத் தளம் அங்கேதான் இருக்கிறது. இறங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, தலைக்கு மேல் ஒரு போர் விமானம் போனது. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது மாப்ளே. அந்த இசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

இந்தத் தீவில்தான் 1981-இல் டாமி நீமெயர் கிடாரோடு ஆரம்பித்தார். சிபான் பேட்டர்மன் பேஸ், டேனா காலின்ஸ் டிரம்ஸ், ஜான் டாலின் பாட்டு. எல்லாம் பள்ளிக்கூடத்து வயது. 1983-இல் தி ரிஜெக்டர்ஸ் என்ற குழுவோடு ஆளுக்கொரு பக்கமாக ஒரு தட்டு போட்டார்கள். 'எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இது சுதந்திரத்தின் சத்தம்' என்பது அதன் தலைப்பு. விமானத் தளங்கள் ஊர்க்காரர்களுக்காகப் பலகையில் எழுதிவைக்கும் வாசகம் அது. தலைக்கு மேல் நாளெல்லாம் கேட்ட விமானச் சத்தத்துக்கான வாசகத்தை எடுத்துத் தங்கள் சத்தத்துக்குத் தலைப்பாக வைத்த அந்தப் பையன்களை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

டாலின் போன பிறகு 1984-இல் பிளேன் குக் வந்தார். சியாட்டிலின் தி ஃபார்ட்ஸ் என்ற பங்க் குழுவில் பாடியவர். கன்ஸ் என் ரோஸஸில் பிறகு பேஸ் வாசித்த டஃப் மெக்கேகனும் அந்த ஃபார்ட்ஸில் கொஞ்ச காலம் இருந்தவர்தான். குக்கின் குரலை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு பூனை வெளியே வருகிற மாதிரி. வார்த்தை ஒன்றுகூடப் பிடிபடாது. மொட்டை மூன்று மாதம் அதேபோலக் கத்திப் பழகி, கடைசியில் மிளகுக் கஷாயத்தில் வந்து நின்றான். குக் வந்த அடுத்த வருடமே மார்த்தா வந்தாள். மார்த்தா ஸ்ப்ளாட்டர்ஹெட், அவர்கள் பாட்டிலும் உறையிலும் வருகிற கற்பனைப் பாத்திரம். பெண்களையும் குழந்தைகளையும் சீரழித்தவர்களைத் தேடித் தேடிக் கொல்லும் பிணப்பெண். கல்லூரி நாட்களில் எனக்கு அவள் உறையில் இருக்கும் ரத்தப் படம் மட்டும்தான். இப்போது ஒரு பெண்ணுக்கு அப்பாவாகப் பார்த்தால் பழையனூர் நீலி ஞாபகத்துக்கு வருகிறாள். நீதி கிடைக்காத இடத்தில்தான் இப்படிப்பட்டவர்களை ஊர் உண்டாக்குகிறது. அந்தச் சின்னப் பையன்கள் இவளை உண்டாக்கினார்கள் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

1986-இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் மார்த்தா ஸ்ப்ளாட்டர்ஹெட்' ஆல்பம். அதோடு பேட்டர்மன் போய்விட்டார். அலெக்ஸ் சிபால்ட் பேஸுக்கு வந்தார். நாம் கேட்ட கேசட்டில் இருப்பது அவர் கை. 1988-இல் இன்னொன்று. அப்புறம் டேனா காலின்ஸும் போய், ஜாஷ் சிண்டர் டிரம்ஸுக்கு வந்தார். ஆக, ஆரம்பித்த நால்வரில் மிச்சம் நீமெயர் ஒருவர்தான். இருந்தும் அந்தக் கிடாரின் முதல் நான்கு அடியைக் கேட்டாலே இன்னார் என்று சொல்லிவிடலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

அவர்கள் வாசித்து வளர்ந்த சியாட்டில் அவர்களுக்கு எவ்வளவு இடைஞ்சல் கொடுத்தது என்று உனக்குத் தெரியுமா? 1985-இல் சியாட்டில் நகரசபை ஒரு சட்டம் போட்டது. சின்ன வயதுக்காரர்கள் ஆடுகிற நிகழ்ச்சி நடத்த வேண்டுமானால் பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும், காவலுக்குப் பணியில் இல்லாத போலீஸ்காரர்களை வைக்க வேண்டும். எந்தப் பையனால் முடியும்? பதினாறு வயதுக்காரர்கள் பதினாறு வயதுக்காரர்களுக்காக வாசிக்கிற இசையை இந்த ஒரு சட்டத்தில் தெருவுக்குத் தள்ளினார்கள். 2002-இல்தான் அதை எடுத்தார்கள். நம் கல்லூரி ஆடிட்டோரியத்தில் இரண்டாவது பாட்டிலேயே மெயினை அணைத்தார்களே, அன்றைக்கு இருட்டில் நீ அழுதாய். நான் பார்த்ததை இதுவரை சொன்னதில்லை.

1990-இல் 'கிரின்னிங் லைக் அன் அண்டர்டேக்கர்' வெளிவந்தது, நாஸ்டிமிக்ஸ் நிறுவனத்தில். அது சர் மிக்ஸ்-அ-லாட்டை வெளியிட்ட ராப் நிறுவனம்! பங்க்காரர்களுக்கும் மெட்டல்காரர்களுக்கும் நடுவில் நின்றவர்களுக்கு மூன்றாவது வீட்டுக்காரன் திண்ணையைக் கொடுத்திருக்கிறான். அடுத்த வருடம் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம். உலகமே சியாட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தது. பத்து வருடமாக அந்த ஊர் ஈரத்தில் வாசித்துக்கொண்டிருந்த இவர்கள் 1992-இல் 'ஸ்ப்ளாட்டர் ராக்' என்று ஒன்று போட்டுவிட்டுக் கலைந்துபோனார்கள். நீமெயர் கிரண்ட்ரக் குழுவில் வாசித்தார், சிண்டர் டாட் குழுவுக்குப் போனார். குக், பிறகு 2008-இல், சியாட்டிலில் ஒரு பர்கர் கடை தொடங்கினார். அந்தக் குரல் அடுப்பு முன்னால் நின்று பர்கர் திருப்பிப் போடுவதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இல்லை. நேர்மையான வேலை, நல்ல பெயரும் வாங்கியிருக்கிறார். நான் இன்னும் போகவில்லை, ஏனோ கூச்சமாக இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடம். பத்து வருடத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தார்கள். 2005-இல் 'ஓ மார்த்தா!' வந்தது. அதற்குப் பிறகு குக்கும் சிபால்ட்டும் விலகிவிட்டார்கள். நீமெயர் பெயரை விடவில்லை. பிராட் மோவன் என்ற புதுப் பாடகரோடு 2009-இல் சதர்ன் லார்ட் நிறுவனத்தில் இன்னொரு ஆல்பம் போட்டார். குக் தன் பழைய ஃபார்ட்ஸ் ஆட்களோடு டோ டேக் என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தவர், பிறகு சிபால்ட், சிண்டரோடு சேர்ந்து 'தி அக்யூஸ்ட் ஏ.டி.' என்று பெயர் வைத்துக்கொண்டு அந்தப் பழைய பாட்டுகளையே பாட ஆரம்பித்தார். கிடார் ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம். ஒரு குடும்பத்தில் வீட்டை அண்ணன் வைத்துக்கொள்ள, சாமியைத் தம்பி தூக்கிக்கொண்டு போன மாதிரி.

எது உண்மையான அக்யூஸ்ட்? படகில் திரும்பி வரும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். முன்பெல்லாம் நான் குரல் கட்சி. குக் இல்லாமல் ஏது அக்யூஸ்ட் என்பேன். இப்போது வரிசையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆட்கள் எல்லோரும் மாறியும் மாறாமல் இருந்தது நீமெயரின் கைதான். அவர் தீவில் ஆரம்பித்தார், அவருக்குத்தான் பெயர். அந்தப் புதுப் பாடகர் எவ்வளவு நன்றாகக் கத்தினாலும், என் உடம்பில் மயிர் கூச்செறிவது குக் வாயைத் திறக்கும்போதுதான். அதையும் மறுக்க மாட்டேன். அந்தக் குரலை வீட்டில் உட்கார் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

நம்மிடம் வருகிறேன். ட்யூன் எல்லாம் உன்னுடையது. ஒன்பது பாட்டில் ஒன்பதும். பெயர் வைத்ததும் நீ, உன் வீட்டு மொட்டைமாடியில், மின்சாரம் போன ராத்திரி. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீ வங்கி வேலைக்குப் போன வாரம் மொட்டை வேறு கிடார்காரனை வைத்துக்கொண்டு வெளியூரில் வாசித்ததும், போஸ்டரில் உன் படத்தின் மேல் அவன் படத்தை ஒட்டியதும் தப்புதான். அதை நான் அவனிடமே சொன்னேன். அவன் மறுக்கவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டுக் கத்தாதே என்கிறார். இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்னு நெனைக்கிறேன்" என்றான். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை மாப்ளே. அவன் விளையாட்டுக்குச் சொல்வது எப்படி இருக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதனால்தான் சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். நம்ம பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து சேர்க்க வேண்டும், அந்த ஏ.டி. மாதிரி. என்ன எழுத்து என்பதை நீதான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். பாட்டு இன்னாருடையது என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்ல வேண்டும் என்றேன். இரண்டுக்கும் ஒத்துக்கொண்டான். வெறும் பெயர், எழுத்து எதுவும் சேராத அந்தப் பெயர், உன்னுடையது. நீ மறுபடி கிடாரைத் தொட்டால் அது உனக்காக அப்படியே இருக்கும்.

உன்னை முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாய், இருபத்தைந்து வருடம் போன மாதிரியே அந்த இரண்டு வருடமும் போயிருக்கும். அதற்குப் பயந்துதான் முந்திக்கொண்டேன். என்மேல் கோபப்படு, தாங்கிக்கொள்கிறேன். அவன்மேல் வேண்டாம்.

சின்னவள் ஒரு கேள்வி கேட்டாள். திரும்பி வரும்போது காரில் இரண்டு குழுவையும் மாற்றி மாற்றிப் போட்டேன். "இதுல யாருப்பா நல்லவங்க?" என்றாள். மார்த்தா என்றேன். ஒத்துக்கொண்டாள்.

பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை உன் வீட்டுக்கு வருவான், அந்த 24 வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு. அவனே போன் பண்ண மாட்டான், உனக்குத் தெரியுமே. இரண்டாவது பாட்டின் நடுவில் வேகம் பாதியாகக் குறைந்து கிடார் மட்டும் தனியாக வருமே, அந்த இடம் பையனுக்குப் பிடிபடவில்லையாம். நம் பதிவில் கேசட் அங்கே இழுத்துவிட்டது, கேட்டுப் பழக வழியில்லை. அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். பீரோ மேல் இருக்கும் கிடாரை இறக்கிக் கம்பி மாற்றி வை.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். கண்ணில் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

உன்,
பேஸ்காரன்