வாலிபால் கோட்டாவில் வந்தவளுக்கு ஒரு கடிதம்

எடிசன், நியூ ஜெர்சி
7 டிசம்பர் 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. அடுத்த கண்ணையும் பொங்கலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் அவர் பிறகு ஒப்புக்கொள்ளவே மாட்டார், எனக்கு அவரைத் தெரியும். கதிர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே இயற்பியலில் சறுக்குகிறான் என்று நீ எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தையும் படித்தேன். பையன் தேறிவிடுவான். அவன் அம்மாவைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

யாழினியின் கல்லூரி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு வாரம், பத்து நாளில் தெரியும். "விளையாட்டில் வருகிறவர்களுக்கு அங்கேயும் தனி வழி உண்டாமே, அது என்ன?" என்றும் கேட்டிருந்தாய். வேறு யாராவது கேட்டிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். 1998இல் நம் வகுப்புக்கு வாலிபால் கோட்டாவில் வந்து சேர்ந்தவள் கேட்கும்போது நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் இந்த ஏர்லி டெசிஷன். பிள்ளை ஒரே ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, நவம்பர் முதல் தேதிக்குள் விண்ணப்பித்து, "இடம் கொடுத்தால் நிச்சயம் வருகிறேன், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவளோடு பெற்றோரில் ஒருவரும் பள்ளி ஆலோசகரும் கையெழுத்திட வேண்டும். நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் மட்டும் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்க, மாப்பிள்ளை வீட்டார் "டிசம்பர் நடுவில் சொல்லி அனுப்புகிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது போன்ற ஏற்பாடு இது. கல்லூரிகளுக்கு இதில் லாபம் உண்டு. இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேருவார்கள் என்பது அவர்களுடைய தீராத கவலை. இந்த முறையில் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். பெற்றோருக்கோ ஆண்டுக்கு 90,000 டாலரை ஒட்டிய செலவு. வேறு கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட வழியில்லாமல் கையெழுத்திட வேண்டும். தரும் உதவி போதாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஆனாலும் பணத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லாத வீடுகளுக்கு இது எளிது, மற்றவர்களுக்குத் துணிச்சல். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இப்படி முன்கூட்டிச் சேர்ப்பது நியாயமில்லை என்று 2006இல் தங்கள் முன்சேர்க்கை முறையையே நிறுத்தின. மற்ற கல்லூரிகளில் பெரும்பாலானவை பின்தொடரவில்லை. 2011இல் இரண்டும் திரும்ப வந்துவிட்டன, ஒப்பந்தம் இல்லாத வடிவத்தில்தான் என்றாலும்.

யாழினி விரும்புவது நியூ இங்கிலாந்தில் உள்ள ஒரு சிறிய கல்லூரி. நிலவியல் படிக்க வேண்டும் என்கிறாள். என் அலமாரியில் இருந்த வெண்கலப் பாத்திரங்களை இறக்கிவிட்டுக் கற்களை அடுக்கி வைத்திருக்கிறாள், அதை நீ போன தடவை வீடியோவில் பார்த்தாயே. அதே கல்லூரிக்கு அவளுடைய நெருங்கிய தோழி எமிலியும் விண்ணப்பித்திருக்கிறாள். எமிலி நீச்சல் வீராங்கனை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் எங்கள் பள்ளியில் அவளை மிஞ்ச ஆளில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தில் இறங்கி, ஈரத் தலையோடு முதல் வகுப்புக்கு வருகிறவள். அவளுடைய மதிப்பெண்களைக் கல்லூரியின் நீச்சல் கோச் ஜூலையிலேயே வாங்கிச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டிவிட்டார். அவர்கள் பார்த்துத் தலையசைத்த பிறகு, "ஏர்லி டெசிஷனில் போடு, நான் ஆதரவு தருகிறேன்" என்று கோச் சொல்லியிருக்கிறார். எமிலிக்கும் அதே நாளில்தான் முடிவு வரும். ஆனால் அவள் தூங்குகிறாள், என் பெண் தூங்கவில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே பெரும்பாலான பெற்றோர் அதைப் போடுவதே இல்லை. ஒரு கல்லூரியில் ஆண்டுக்கு 500 பேர் சேருகிறார்கள் என்று வைத்துக்கொள். பாதியை, அதாவது 250 இடங்களை, ஏர்லி டெசிஷனிலேயே நிரப்பிவிடுகிறார்கள். விண்ணப்பித்தவர்கள் 1,000 பேர். நால்வரில் ஒருவருக்கு இடம், ஜனவரியில் விண்ணப்பிக்கும் வழக்கமான சுற்றைவிட எவ்வளவோ மேல் என்று எல்லோரும் ஓடி வருகிறார்கள். ஆனால் அந்த 250இல் 80 பேர் கோச்சுகளின் பட்டியலில் இருந்து வந்தவர்கள் என்றால்? அவர்களை முன்பே சலித்து எடுத்தாயிற்று, அநேகமாக எல்லோருக்கும் இடம் உறுதி. மீதி 920 பேருக்கு 170 இடங்கள். ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், பேராசிரியர்களின் பிள்ளைகள் என்று இன்னும் கழித்துக்கொண்டே போகலாம். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் எக்செல் தாளில் போட்டு வைத்திருக்கிறார். கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட்டில் ஏர்லி டெசிஷனுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று இருக்கும். அதில் விளையாட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் இருக்காது.

இன்னொன்றும் எனக்குப் புதிதாக இருந்தது. விளையாட்டு என்றால் பெரிய பல்கலைக்கழகங்களில்தான் ஆதிக்கம் என்று நினைப்போம், தொலைக்காட்சியில் வரும் கூட்டம் அப்படி. சேர்க்கையைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். ரட்கர்ஸ் போலப் பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் விளையாட்டு வீரர்கள் நூற்றில் சிலர். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற சிறிய கல்லூரிகளில் சுமார் 2,000 மாணவர்கள்தான் இருப்பார்கள், ஆனால் அணிகளோ முப்பதை ஒட்டி. மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் ஏதோ ஓர் அணியில் இருக்கிறார்கள். இத்தனைக்கும் அங்கே விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை கிடையாது. கோச்சால் கொடுக்க முடிவது சேர்க்கை அலுவலகத்தில் ஒரு பரிந்துரை மட்டும்தான். அதனால்தான் அந்தப் பரிந்துரைக்கு இத்தனை மதிப்பு.

எவ்வளவு மதிப்பு என்பது 2019இல் ஊருக்கே தெரிந்தது. ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் பணக்காரப் பெற்றோரிடம் லட்சக்கணக்கில் டாலர் வாங்கி, கோச்சுகளுக்கு லஞ்சம் கொடுத்து, வாட்டர் போலோ ஆடவே தெரியாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டினார். வேறு யாருடைய உடம்பிலோ பிள்ளையின் முகத்தை ஒட்டிப் படம் தயாரித்த கதையெல்லாம் நீதிமன்றத்துக்கு வந்தது. ஹார்வர்ட் விஷயமும் வழக்கில்தான் வெளிப்பட்டது, அது சேர்க்கையில் இனப் பாகுபாடு என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் போட்ட வேறொரு வழக்கு. கோச்சுகள் தேர்ந்தெடுத்த விண்ணப்பதாரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருந்தது. மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்கு ஆறு பேரை ஒட்டித்தான் கிடைத்திருக்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்பளித்து, இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. கோச்சுகளின் பட்டியல் அப்படியே இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் யாழினி பள்ளி வாகன நிறுத்தத்தில் எமிலியிடம், "நீ நீந்தியே உள்ளே போய்விட்டாய், என் இடத்தில்தான் போகிறாய்" என்று சொல்லியிருக்கிறாள். எமிலி பதில் பேசாமல் காரில் ஏறி அழுதிருக்கிறாள். இரவு இவளே வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது முகத்தில் வெட்கம் பாதி, "நான் சொன்னது பொய்யா?" என்ற வீம்பு பாதி. எனக்குச் சட்டென்று உன் ஞாபகம் வந்தது. விடுதியில் எல்லோரும் போர்வைக்குள் இருக்கும்போது நீ முழங்காலில் கட்டோடு மைதானத்துக்குக் கிளம்புவாய். எட்டரைக்கு வரைபட வகுப்பில் பலகையின் மேலேயே கண் சொருகும். மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் மெஸ் வாசலில் உன் கட்-ஆஃபை 300க்கு எத்தனை என்று தசமப் புள்ளி வரை சொல்லிக் காட்டினானே, நினைவிருக்கிறதா? "உன் கட்-ஆஃபை வைத்து ஒரு சர்வீஸ் போடு, பார்ப்போம்" என்றாய். அதை யாழினியிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "செல்வி அத்தை யாருடைய இடத்தையாவது எடுத்தாரா?" என்று கேட்டாள்.

நான் சொன்னது இதுதான். எங்கள் காலத்தில் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு இத்தனை இடங்கள் என்று முன்பே அறிவித்துவிடுவார்கள். அவர்களுக்குத் தனித் தரவரிசை. மற்றவர்கள் மீதி இடங்களைத்தான் தங்களுடையவை என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். தமிழ்நாட்டில் இப்போதும் பொறியியலில் அப்படி 500 இடங்கள் இருக்கின்றன. செல்வி எந்த வரிசையில் நின்றாள் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் முணுமுணுப்பு இருந்தாலும் மர்மம் இருக்கவில்லை. இங்கே இரண்டு வரிசைகளையும் ஒன்றாகக் கலந்து ஒரே சதவீதமாக அச்சிட்டுக் காட்டுகிறார்கள். எமிலி நிற்கும் வரிசையில் நீ ஒருநாளும் நிற்கவில்லை, அவள் போகாவிட்டால் அந்த இடம் இன்னொரு நீச்சல்காரிக்குப் போகும், உனக்கு வராது. கோபப்பட வேண்டுமானால் அந்தக் கலப்புக் கணக்கின் மேல் கோபப்படு, ஈரத் தலையோடு வருகிறவள் மேல் வேண்டாம் என்றேன். அவள் ஒத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. மறுநாள் எமிலிக்கு உளுந்து வடை எடுத்துப் போனாள்.

எமிலியின் அம்மா இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் என்பதால் எனக்கு இப்படிப் பேச வருகிறது என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். பாய்மரப் படகு, ஸ்குவாஷ், லக்ரோஸ் என்று இந்தப் பட்டியல்களில் இடம் பிடிக்கும் ஆட்டங்களில் பலவற்றைச் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு இவ்வளவு பெருந்தன்மை வராது.

எங்கள் தமிழ்ப் பள்ளி வட்டாரத்தில் இப்போது புதிய ஜுரம், வாள்வீச்சு. எட்டு வயதுப் பிள்ளைக்கு முகமூடி மாட்டி வார இறுதிகளில் போட்டிக்கு ஓட்டிப் போகிறார்கள். பிடித்துச் செய்கிறதா என்று கேட்டால், "கோச்சுக்குத் தேவைப்படும் ஆட்டம் இது" என்று பதில் வருகிறது. வேலவன் செந்தில்குமார் தமிழ்நாட்டில் இருந்து இங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஸ்குவாஷ் ஆடினாரே என்று உதாரணம் வேறு. அவர் ஆட்டத்துக்காக ஆடியவர், கல்லூரி பின்னால் வந்தது. தீபாவளி விழாவில் இதைச் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு பேர் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை, அதுவும் ஒரு நிம்மதிதான்.

வீட்டில் எப்படிச் சமாளிக்கிறோம் என்று கேட்காதே, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையில் கல்லூரிப் பேச்சு கூடாது என்று வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் அடக்க முடியாதபோது கராஜுக்குப் போய் அவருடைய தம்பிக்குப் போன் செய்கிறார். கடைசி ஆண்டுப் பிள்ளைகள் யாருக்கு எங்கே இடம் கிடைத்தது என்று படம் போடும் இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்று இருக்கிறது. அதனால் யாழினி அந்தச் செயலியையே போனில் இருந்து நீக்கிவிட்டாள், அது அவளாகச் செய்தது. உண்மையில் அவளைத் தின்பது காத்திருப்பது மட்டும் அல்ல. மற்ற கல்லூரிகளுக்கு ஜனவரி முதல் வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், முடிவு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. ஆகவே தேவைப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒன்பது கட்டுரைகளை எழுதிக்கொண்டிருக்கிறாள். "உங்கள் கல்லூரியை நான் ஏன் நேசிக்கிறேன்" என்று ஒன்பது பேருக்கு எழுதும் பதினேழு வயதுப் பெண்ணைப் பார்த்தால் எனக்கே சிரிப்பும் எரிச்சலும் வருகிறது.

கிடைக்கலாம், மறுக்கப்படலாம், ஏப்ரலுக்கு ஒத்திவைக்கவும் செய்யலாம். மூன்றாவதுதான் எனக்குப் பயம். நான்கு மாதம் இந்த வீடு தாங்காது.

உன்னிடம் ஓர் உதவி. யாழினிக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. ஆறுதல் வேண்டாம், அது இங்கே கிலோ கணக்கில் கிடைக்கிறது. அந்த வரிசையில் வந்து நான்கு வருடம் நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது உனக்கு எப்படி இருந்தது என்று எழுது. என்னிடம் நீ அதை ஒருமுறையும் முழுதாகச் சொன்னதில்லை. அவளிடம் சொல்வாய் என்று தோன்றுகிறது.

முடிவு தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுகிறேன், உடனே கூப்பிடாதே. எது நடந்தாலும் ஜூனில் கோவை வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. கதிரின் இயற்பியலுக்கு என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூமில் சொல்லிக்கொடுக்கத் தயார் என்கிறார். தயவுசெய்து ஒத்துக்கொள், அவருக்கு எக்செல் தவிர வேறு வேலை உடனடியாக வேண்டும்.

அன்புடன்,
உமா