செயலாளரின் ஆண்டறிக்கை: எழுத்தாளரும் நாடும்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

எல்லாருக்கும் இடமுள்ள ஒரு நாட்டை உருவாக்குவதில் எழுத்தாளருக்கு என்ன பங்கு? எங்கள் யாழ்ப்பாண வாசகர் வட்டம் இந்த வருடம் முழுக்க இதைத்தான் கதைத்தது. மாதம் ஒரு கூட்டம் என்று தொடங்கினோம். மாரி மழைக்கு இரண்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு ஒன்று என்று விடுபட்டுப் போயின. மண்டபம் தருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் கைவிரித்ததால் ஒரு கூட்டம் உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாமரத்தடியில் நடந்தது. உண்மையைச் சொன்னால், அதுதான் நல்ல கூட்டம்.

அன்றைக்கு எடுத்தது, சாதாரண ஆட்களின் பேச்சை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்குவதா என்ற 1960களின் விவாதம். 1954இல் தொடங்கிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், இந்த மண்ணின் ஆட்கள் தங்கள் பேச்சோடேயே கதைக்குள் வரவேண்டும் என்றது. பண்டிதர்கள் சிலருக்கு அது பொறுக்கவில்லை. இலக்கணத்தின் பேரில் நடந்த சண்டைதான்; கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் கிணற்றடியிலும் அப்போது நடந்ததும் அதே சாதிச் சண்டை. சாதியைச் சொல்லிப் பொது இடங்களில் ஆட்களைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. இருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே விடச் சொல்லி ஆட்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. சட்டம் செய்யாததைக் கதை செய்ததா என்று இளைஞர் ஒருவர் கேட்டார். செய்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சலூனில் தொழில் செய்த டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கினார், சிங்களக் கதைகளையும் தமிழில் போட்டார். எழுதும் உரிமை யாருக்கு என்று கேட்டவர்களுக்கு அது போதுமான பதில்.

1975இல் சிங்கள, தமிழ் எழுத்தாளர்கள் கூடி நடத்திய தேசிய ஒருமைப்பாட்டு மாநாட்டைப் பற்றிய கூட்டம் சூடாகிவிட்டது. “ஆறு வருடத்தில் எங்கள் நூலகம் எரிந்தது, 97,000 புத்தகம். மாநாடு என்னத்தைச் செய்தது?” என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டுவிட்டு எழும்பிப் போனார். அவரைத் திரும்பக் கூட்டிவர உபசெயலாளர் மூன்று தடவை சைக்கிள் மிதித்தார். ஆசிரியருக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

ஒரு குறையை நானே சொல்லவேண்டும். 1990 ஒக்ரோபரில் புலிகள் இங்கிருந்து வெளியேற்றிய முஸ்லிம் மக்களின் எழுத்தை வாசிக்கும் கூட்டத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டோம். முதல் தடவை புத்தகம் கிடைக்கவில்லை என்றோம். இரண்டாம் தடவை காரணமே சொல்லவில்லை. ‘எல்லாருக்கும் இடமுள்ள நாடு’ என்று தலைப்பு வைத்த எங்களுக்கு இது அழகில்லை. வரும் ஆண்டின் முதல் கூட்டமே அதுதான் என்று செயற்குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகதெருவில் வைக்கலாம் என்பது என் யோசனை. சபை முடிவு செய்யட்டும்.

சரி, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பெரிய செலவு தேநீரும் வடையும்தான். இரவல் புத்தகம் திருப்பித் தராதவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். இம்முறை பெயர் வாசிக்கவில்லை.

அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்