டிவி விமர்சகர் எலெக்‌ஷன்ல நிக்கப்போறாராம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தினம் ராத்திரி டிவி விவாதத்துல அரசியல் விமர்சகர்னு பேரு போட்டு உக்காந்திருக்கிற ஒருத்தரு எங்க டெல்டா பக்கம் எம்.எல்.ஏ.வுக்கு நிக்கலாமான்னு யோசிக்கிறாராம், டீக்கடையில இப்ப அதான் பேச்சு. நிக்கட்டும், 25 வயசு ஆகி தமிழ்நாட்டுல எங்கயாவது ஓட்டு இருந்தா போதும், 10,000 ரூபா டெபாசிட், ஆறுல ஒரு பங்கு ஓட்டுக்கு மேல வாங்கலேன்னா அது போச்சு, அவ்ளோதான்.

ஆனா மேட்டூர் அணைய பாசனத்துக்கு ஜூன் 12 திறந்தாங்களா இல்லியான்னு கத்துறது மட்டும் பத்தாது சார், தண்ணி வாய்க்கால் கடைசியில இருக்கிற கடைமடைக்கு வந்துச்சான்னு வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் வந்து வாய்க்கால எட்டிப் பாக்கணும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு நெல்ல எடுக்க மாட்டேங்குறாங்க, நாங்க ரோட்டுலயே கொட்டி காயவெச்சு மழ வந்தா தார்ப்பாய தூக்கிட்டு ஓடுறோம், அங்க வந்து பேசச்சொல்லுங்க, நடுவுல பிரேக் விட நெறியாளரெல்லாம் கெடையாது.

இன்னொன்னு, யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னே மாசக்கணக்கா ஓசி விளம்பரம் ஓடுது. நிக்கிறதுன்னா விமர்சகர்ங்கிற பட்டத்த சேனல்காரங்க அன்னைக்கே எடுத்துரணும், எந்தக் கட்சின்னும் சேத்துப் போடணும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி