உத்திரத்துக்குச் சாயம் பூசியது போதும்

எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தரைத்தளக் கார் நிறுத்துமிடத்தில், மின்தூக்கிக்கு எதிரே இருக்கும் உத்திரத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். தீபாவளிக்கு முன் நீங்கள் பூசிய வெள்ளைச் சாயத்தையும் மீறிப் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. கம்பி ஓடும் போக்கிலேயே விரிசலும் ஓடுகிறது. ஓரம் பெயர்ந்த இடத்தில் கம்பியை நகத்தால் கீறினால் துரு ஏடு ஏடாக உதிர்கிறது. அதன் கீழேதான் பிள்ளைகள் காலையில் பள்ளி வேனுக்கு நிற்கிறார்கள்.

"பழைய கட்டடம், பூச்சு உதிரத்தான் செய்யும்" என்று அலுவலகத்தில் பதில் வந்தது. உதிர்ந்தது பூச்சு அல்ல, கான்கிரீட். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்கணக்கில் ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். பினாங்கில் நம் ஜெலுத்தோங் கடலோரம்; உப்புக்காற்று வேறு. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். கிடைக்காவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். மேலே சிமெண்டை அப்பினால் விரிசல் மறையும், துரு நிற்காது.

எல்லா விரிசலும் ஆபத்தல்ல. சுவர்ப்பூச்சில் மயிரிழையாக ஓடுவதற்கெல்லாம் யாரும் பதற வேண்டாம். ஆனால் எது எந்த வகை என்று சொல்ல வேண்டியவர் பதிவுபெற்ற பொறியாளர். நானும் அல்ல, சாயக் குத்தகைக்காரரும் அல்ல. புதிதாக உடைத்த இடத்தில் காரத்தைக் காட்டும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் போதும், இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. அதற்குக்கூடவா தயக்கம்?

ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லும் அதிகாரம், மலேசியாவின் 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 85ஏ பிரிவின்படி மாநகர் மன்றத்துக்கு உண்டு. அந்தக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தூணும் உத்திரமும் பொதுச் சொத்து. பராமரிப்புக் கட்டணத்தோடு பெரும் பழுதுபார்ப்புக்கென்று பத்து விழுக்காடு சேமநிதி வாங்குகிறீர்களே, சாயத்துக்கு இருந்த அந்தப் பணம் பொறியாளருக்கு இல்லையா?

"வெளியே தெரிந்தால் வீட்டு விலை விழும்" என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது பாதிப் பேர் தலையாட்டினார்கள். அமெரிக்காவின் சர்ப்சைடில் ஓர் அடுக்குமாடியின் கான்கிரீட் சேதத்தைப் பொறியாளர் 2018இலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பெரும் செலவை எண்ணிக் குடியிருப்பாளர்கள் இழுபறியில் இருந்தார்கள். 2021 ஜூன் 24 அன்று கட்டடம் சரிந்து 98 பேர் இறந்தார்கள். நம் கட்டடமும் அப்படியாகும் என்று நான் சொல்லவில்லை. அங்கே அறிக்கையாவது இருந்தது. நம்மிடம் அதுவும் இல்லை.

இந்த வாரமே உத்திரத்துக்குக் கீழே தடுப்புக் கட்டுங்கள். பொறியாளரை அமர்த்துங்கள். அவர் தரும் அறிக்கையை ஒரு பக்கம் விடாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மறுத்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு அலகுகளின் மொத்தத்தில் நான்கில் ஒரு பகுதியை வைத்திருக்கும் உரிமையாளர்கள் எழுதிக் கேட்டாலே நீங்கள் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். ஏழாம் மாடியில் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்