தண்ணீர் நிற்கும் இடத்தில் தொடங்கு

தருமபுரி

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய உன் வண்டிப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சின். வயது முப்பதைத் தாண்டினாலும், வாசலில் நிறுத்தி நாமே வேலை பார்க்க இதைவிடத் தோதான ஸ்போர்ட்ஸ் கார் அமைவது கஷ்டம். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. 10, 12, 14, 17 ஸ்பேனர் இருந்தால் பாதி வண்டியைப் பிரித்துவிடலாம்.

ஆனால் நீ எழுதிய பட்டியலில் புது சைலன்சர், ஏர் ஃபில்டர், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் எல்லாம் மேலே இருக்கின்றன. அதையெல்லாம் இப்போதைக்கு மறந்துவிடு, கண்ணு. இந்த வண்டியைக் கொல்வது எஞ்சின் இல்லை, தண்ணீர். போகக் கூடாத இடத்தில் தண்ணீர் எங்கெல்லாம் நிற்கிறது என்று முதலில் பார்.

நம் தருமபுரிப் பக்கம் முப்பது வருட வண்டியின் பெயிண்ட் வெளுத்திருக்கும், ரப்பர் வெடித்திருக்கும், ஆனால் தரைத்தகடு கெட்டியாக இருக்கும். நீ இருக்கும் பிரிட்டனில் நேர்மாறு. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். மேலே பளபளப்பு, அடியில் ஓட்டை. உன் வண்டியில் முதலில் போவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, அதிலும் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள ஒரு சாண் இடம். அதன் காரணம் கூரையில் இருக்கிறது. மடக்குக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் அடியில் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிந்து கார்ப்பெட்டிலும் பெட்டித் தகட்டுக்குள்ளும் தேங்கும். பிறகு தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

ஒரு சொம்புத் தண்ணீரை அந்தக் குழாயின் வாயில் மெதுவாக ஊற்று. அடியில் உடனே தாராளமாக ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதே, குழாய் கிழிந்தால் தண்ணீர் நேராக உள்ளே போகும். புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலான் நரம்பு இருக்கிறதே, அதுதான் சரி. மழைக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இதைச் செய். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் அதைத் தூக்கிக் காயவிடு. மேலே ஹீட்டர் அடித்தால் அடியில் உள்ள பஞ்சு காயாது.

பெட்டித் தகட்டின் அடிவிளிம்பில் சின்ன வடிகால் துளைகள் உண்டு. ஏதாவது ஒரு துளை மூடியிருந்தால் திற. பிறகு திருப்புளியின் கைப்பிடியால் விளிம்பு முழுவதும் தட்டிக்கொண்டே போ. கணீரென்றால் நல்ல தகடு, மந்தமாகவோ மொறுமொறுவென்றோ கேட்டால் போன தகடு. போனதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, இடைவெளி விடாமல் வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துத் தரும் டிங்கரிங் வேலையை நம்பாதே. சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் பிடிக்கும் இடங்களுக்கு 30 சென்டிமீட்டருக்குள் துருவால் தகடு பலமிழந்திருந்தால் அங்கே எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வண்டித் தகுதிச் சோதனையில் தேறாது, அந்த இடத்தில் பட்டியும் செல்லாது. வெல்டிங்கை மட்டும் தெரிந்த ஆளிடம் கொடு. அது முடிந்ததும், உட்குழிவுகளுக்கென்று விற்கும் மெழுகை நீண்ட குழல் வைத்து உள்ளே பீய்ச்சும் வேலையை நீயே செய்யலாம். தகடு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் மெழுகு அடித்தால் துருவைப் போர்வை போட்டு வளர்க்கிற மாதிரிதான்.

வண்டியைத் தூக்கும்போது ஜாக்கி முன்னால் நடு குறுக்குச் சட்டத்தில், பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள கியர் பெட்டியான டிஃபரென்ஷியலுக்கு அடியில். ஸ்டாண்டை, பெட்டித் தகட்டின் கெட்டியான விளிம்பு நல்ல நிலையில் இருந்தால் மட்டும் அங்கே வை. சந்தேகம் என்றால், சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்கு அடியில் வை. நம் தொப்பூர் மலைப்பாதையில் லாரிக்காரர்கள் சக்கரத்துக்குக் கல் வைப்பதைப் பார்த்து வளர்ந்த பெண் நீ. சக்கரம் உருளாமல் இருக்கக் கல் வைக்கலாம், வண்டியின் பாரத்தைக் கல்லோ செங்கல்லோ தாங்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை வைக்கவே வைக்காதே.

அடுத்தது பிரேக். இங்கேயும் தண்ணீர்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியே எல்லையாகிவிடும். நீண்ட இறக்கத்தில், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் சூடாகி உள்ளே ஆவி உண்டானால் பெடல் தரை வரை போகும். தொப்பூர் இறக்கத்தில் லாரிக்கு பிரேக் பிடிக்காமல் போவது வேறு விஷயம். லாரியில் காற்று பிரேக், அங்கே சூடேறிப் பிடிப்பை இழப்பது லைனிங். உன் வண்டியில் ஆயிலே கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று, ஒரு லிட்டர் டின் தாராளம். சிலிக்கோனில் செய்த டாட் 5 மட்டும் வேண்டாம், பழையதோடு சேராது. பழைய ஆயிலை வெளியேற்றும்போது, பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கு: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டப்பாவில் ஆயில் அடிவரை இறங்க விடாதே, காற்று புகுந்தால் முதலிலிருந்து செய்ய வேண்டும். பெயிண்டில் சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.

பின் பிரேக் பேடு மாற்றும்போது பலரும் காலிப்பரைக் கெடுப்பது ஒரே இடத்தில்தான். முன் காலிப்பர் பிஸ்டனை மெதுவாக அழுத்தினால் உள்ளே போகும். பின்னால் ஹேண்ட் பிரேக் வேலையும் அந்தப் பிஸ்டனிலேயே இருப்பதால், அழுத்தினால் உள்ளே உள்ள பொறி முறியும். காலிப்பரின் பின்புறம் ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ நுழையும் திருகு தெரியும். இடப்புறமாகச் சுற்றினால் பிஸ்டன் உள்ளே போகும். புதுப் பேடு வைத்த பின் வலப்புறமாகச் சுற்றி, பேடு டிஸ்க்கைத் தொட்டு நின்றதும் மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடு. ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் கேபிளை இழுத்துக் கட்டுவதற்கு முன் இதைப் பார். காலிப்பர் நகரும் பின்களுக்குச் சாதாரண கிரீஸ் போடாதே, ரப்பர் ஊதிவிடும். ரப்பருக்கு ஒத்துவரும் சிலிக்கோன் கிரீஸ் போடு.

கிளட்ச் பெடல் லேசாகி, முதல் கியர் கரகரவென்று விழுந்தால் கிளட்ச் தட்டைக் குறை சொல்லாதே. கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார். ஈரமாக இருந்தால் சீல் போயிற்று. கிளட்ச்சின் மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் சேர்த்து மாற்று.

ரேடியேட்டர். மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருக்கும், வெப்பத்தில் பழுப்பாகிப் பிறகு வெடிக்கும். உன் படத்தில் பழுப்புத்தான் தெரிகிறது. வெடிக்கும் வரை காத்திராமல் மாற்று, கூடவே மேல் கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட், மூடி. மொத்தம் 6 லிட்டர் பிடிக்கும்: 3 லிட்டர் கூலண்ட், 3 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் போர்வெல் தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் அம்மா சுரண்டி எடுக்கும் வெள்ளைப் படிவு எஞ்சினுக்குள்ளும் படியும், படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. உங்கள் ஊர்க் குழாயில் கடினம் எவ்வளவு என்று விசாரிக்கும் நேரத்தில் கடையில் டிஸ்டில்டு வாட்டரே வாங்கிவிடலாம். நிரப்பும்போது வண்டியின் மூக்கு கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும், ஹீட்டரை முழுச் சூட்டில் வை, மூடியைத் திறந்தே எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி நிற்கும் வரை ஊற்று. எஞ்சின் சூடான பிறகு மூடியில் கை வைக்காதே. வடித்த கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். பக்கத்து வீட்டுப் பூனை நக்காமல் பார்த்துக்கொள்.

ரேடியேட்டர் கழன்றிருக்கும்போதே, கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளுக்குக் கொண்டுபோகும் டைமிங் பெல்ட்டைப் பார்த்துவிடு, கை நுழைய இடம் கிடைக்கும். கணக்கு 60,000 மைல். எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள். உன் 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, ஆனால் நடுரோட்டில் நிற்பாய். வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது வெளியே உள்ள ஆல்டர்னேட்டர் பெல்ட், ஆனால் பம்ப்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டை எடுத்தாக வேண்டும். ஆகவே பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வழிகாட்டும் உருளையான ஐட்லர், வாட்டர் பம்ப், கேம் ஆயில் சீல் இரண்டு, கிராங்க் முன் சீல் ஒன்று, வால்வு கவர் கேஸ்கெட், எல்லாம் ஒரே தடவையில்.

பிரிக்கும் முன் கிராங்க் புல்லியின் நடுப்பகுதியில் வெட்டு எத்தனை என்று எண்ணு. நான்கு என்றால் ஆரம்பகால கிராங்க், முனை குட்டை. அதில் புல்லியைப் பிடிக்கும் கீ தேய்ந்து ஆட்டம் வரும் பலவீனம் உண்டு. எட்டு என்றால் கவலையில்லை. 1991-ல் இரண்டு வகையும் வந்திருக்கின்றன. குட்டை முனைக்கு நடு போல்ட் 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், நீள முனைக்கு 157 முதல் 166. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் இதில் இறங்காதே. நான்கு வெட்டு இருந்து, எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடினால், வேலையை நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்.

பிளக் நான்கையும் கழற்றிவிட்டுக் கையால் சுற்று. கிராங்க் குறி மேலே வரும்போது, கேம் சக்கரங்களில் உள்ள ஐ, ஈ என்ற ஆங்கில எழுத்துகள் பின்தகட்டுக் குறிகளுக்கு நேராக நிற்க வேண்டும். அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே பெல்ட்டில் 19 பல். எண்ணிப் பார், ஒரு பல் தவறினாலும் எஞ்சின் சோம்பேறியாகிவிடும். டென்ஷனரைப் பெல்ட்டைத் தொடாமல் பின்னால் தள்ளி, அதன் போல்ட்டைத் தற்காலிகமாக இறுக்கி, பெல்ட்டை மாட்டி, வலப்புறமாக ஒரு முழுச் சுற்றும் இன்னொரு சுற்றில் ஆறில் ஐந்து பங்கும் சுற்று. டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்து, ஸ்பிரிங் தானே பெல்ட்டை இழுத்துக்கொள்ளும், நீ கையால் தள்ளாதே. 38 முதல் 52 நியூட்டன் மீட்டரில் இறுக்கு. பிறகு இரண்டு சுற்றும் ஆறில் ஒரு பங்கும் சுற்றிக் குறிகளை மறுபடி சரிபார். அவசரப்பட்டு இந்தக் கடைசிச் சுற்றலை விடுபவர்கள்தான் திரும்பப் பிரிக்கிறார்கள்.

எஞ்சின் பின்னால் கியர்பாக்ஸ் மேல் ஆயில் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாய். கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று பட்டறையில் சொன்னால் உடனே தலையாட்டாதே. சிலிண்டர் ஹெட்டின் பின்னால், கேம் தண்டு நிற்கும் நிலையை எஞ்சின் கணினிக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது, அதன் ஓ-ரிங் காய்ந்து ஆயில் வடிந்து கிராங்க்கின் பின் சீல் போன மாதிரியே காட்டும். சில்லறைக் காசுதான். கழற்றும் முன் அதன் நிலையை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள். மாட்டிய பின், பானட்டுக்குள் உள்ள சோதனைப் பெட்டியில் டென், கிரவுண்ட் என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து, எஞ்சின் நிமிடத்துக்கு 850 சுற்றில் ஓடும்போது டைமிங் லைட் வைத்து, பிளக் பொறி விடும் நேரத்தை 10 டிகிரிக்குக் கொண்டு வா.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மெஷின் போல டக்டக் சத்தம் வருவது, ஆயில் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர். நல்ல 10டபிள்யூ-40 ஆயில் மூன்றரை லிட்டர் அளவுக்கு ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். டிப் ஸ்டிக்கைப் பார்த்தே நிறுத்து. பேட்டரி டிக்கியில் இருப்பதால் ஆவிக்குழாய் உள்ள பேட்டரிதான் வாங்க வேண்டும். இல்லையென்றால் அமில ஆவி அங்கேயும் துருவைத் தொடங்கி வைக்கும். குளிரில் கூரையை மடக்கும் முன் பின் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து படுக்கவிடு, விறைத்த பிளாஸ்டிக் மடிப்பிலேயே வெடிக்கும்.

சக்கர நட் 90 முதல் 118 நியூட்டன் மீட்டர். மாட்டிய பின் ஐம்பது மைல் ஓட்டிவிட்டு, சக்கரம் ஆறியதும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா