இயந்திரத்தோடு பயிற்றுநருக்கு நேரமும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் புது இயந்திரங்கள் வருவது பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி பார்க்கிறோம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை, கணினியும் ரோபோவும் கொண்ட நவீன உற்பத்தியைக் கற்பிக்கும் தொழில் 4.0 மையங்களாக மாற்ற ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் தமிழக அரசு திட்டம் போட்டது. நாடு முழுவதும் 1,000 ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2025-இல் ஒப்புதல் தந்தது. ரோபோ, கணினி புரோகிராமில் ஓடும் சி.என்.சி. இயந்திரம், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. கருவி பொருத்திய மேசை, 3டி பிரிண்டர், வெல்டிங் சிமுலேட்டர், சுவரை அடைக்கும் தொடுதிரை எல்லாம் வருகின்றன. நல்ல விஷயம்தான். பெட்டியைப் பிரித்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இயந்திரம் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வருவார். ஆங்கிலத்தில் ஸ்லைடு காட்டுவார். ஏற்கெனவே ஏற்றிவைத்த புரோகிராமை ஓட்டி ஒரு சதுரங்கக் காயைக் கடைந்து கையில் கொடுப்பார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு குரூப் போட்டோ, பயிற்சி முடிந்தது. அடுத்த வாரம் திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் அலாரம் வந்தால் என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மெல்ல அறைக்குப் பூட்டு விழும். ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் திறப்பார்கள்.

இதைப் பயிற்றுநரின் சோம்பல் என்று பேசுவது எளிது. 20 ஆண்டுகளாக அரமும் ஹாக்சாவும் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஃபிட்டர் பயிற்றுநருக்குப் புதியதைக் கற்கும் ஆசை இல்லாமல் இல்லை. அவருடைய பயம் வேறு. இயந்திரம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் அவர் பெயரில் இருக்கிறது. உடைந்தால் விளக்கம் அவர்தான் எழுதவேண்டும். ஓய்வுபெறும்போது பாக்கியில்லைச் சான்று அந்த ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் கிடைக்கும். மாணவனிடம் கொடுத்துக் கெட்டுப்போனால் தன் தலையில் விழும், பூட்டி வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்னும்போது எவரும் பூட்டித்தான் வைப்பார். ஆகவே முதல் உதவி ஒரு காகிதம். கட்டிங் இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனை), டிரில் பிட், 3டி பிரிண்டர் நாசில், சென்சார் ஆகியவை பயிற்சியில் உடைந்தால் அது செலவினப் பொருள் என்று எழுத்தில் ஓர் ஆணை வேண்டும். பத்து நாள் பயிற்சி முகாம் செய்யாததை அந்த ஒரு பக்க ஆணை செய்யும்.

அடுத்து, பயிற்சியில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது. இயந்திரத்தின் சிறப்புகளை அல்ல, அது மக்கர் பண்ணும் இடங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சி.என்.சி. லேத்தில் தொடக்கத்தில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் நாலைந்துதான்: லூப்ரிகேஷன் எண்ணெய் குறைவு, காற்றழுத்தக் குறைவு, அச்சு எல்லை தாண்டி நிற்பது, கதவு சுவிட்ச், பேட்டரி. இதில் பேட்டரிதான் ஆளைக் கவிழ்ப்பது. அச்சுகளின் நிலையை நினைவில் வைத்திருக்கும் அப்சல்யூட் என்கோடர் உள்ள இயந்திரங்களில், பேட்டரி அலாரம் வந்தால் எமர்ஜென்சி சுவிட்சை அழுத்திவிட்டு, மின்சாரம் ஆன் நிலையில் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினால், அச்சுகள் எங்கிருந்து அளக்கின்றன என்ற ரெஃபரன்ஸ் நிலை அழிந்துபோகும். பிறகு சர்வீஸ் இன்ஜினியர் வரும்வரை இயந்திரம் நின்றபடியே கிடக்கும். கோடை விடுமுறையில் பல வாரம் அணைந்து கிடந்த பிறகு இந்த அலாரம் வருவது சகஜம். நிறுவும் நாளிலேயே இயந்திரத்தின் அமைப்பு மதிப்புகளான பாராமீட்டர்களை ஒரு மெமரி கார்டில் நகல் எடுத்து, கார்டை உறையில் போட்டு அலுவலகப் பீரோவில் வைத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

சிமுலேட்டரில் பழகிவிட்டால் போதும் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. சிமுலேட்டர் அவசியம்தான், 20 மாணவருக்கு ஒரு லேத் என்றால் வேறு வழியில்லை. ஆனால் அது மன்னிக்கும் தவறை இயந்திரம் மன்னிக்காது. 20 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மாணவன் ‘எக்ஸ் 20’ என்று தசமப் புள்ளி வைக்காமல் எழுதுகிறான். பல சிமுலேட்டர்கள் அதை 20 மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்ளும். ஃபானுக் கம்பெனியின் கட்டுப்பாடு உள்ள இயந்திரத்தில், பாராமீட்டர் அமைப்பைப் பொறுத்து, அது 20 மைக்ரான், அதாவது 0.020 மில்லிமீட்டர். டூல் நேராக வேலைப்பொருளின் மையத்துக்குப் பாயும். இன்சர்ட் மட்டும் போனால் அதிர்ஷ்டம். டூல்களைத் தாங்கும் டரெட்டின் அலைன்மென்ட் நகர்ந்துவிட்டால் செலவு வேறு மாதிரி. ஆகவே சிமுலேட்டரிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் வழியைப் பயிற்றுநர் கையில் பழகியிருக்க வேண்டும். முதலில் பொருளை மாட்டாமல் டிரை ரன். பிறகு சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக, வேகத்தைக் குறைக்கும் ரேபிட் ஓவர்ரைடு 25 சதவீதத்தில், ஒரு விரல் ஓட்டத்தை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பொத்தான் மேலேயே. டூல் பொருளை நெருங்கும்போது திரையில் ‘இன்னும் போக வேண்டிய தூரம்’ காட்டும் எண்ணையும் கண்ணால் காணும் இடைவெளியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திரையில் 80 மில்லிமீட்டர் என்று இருந்து கண்ணுக்கு 10 தெரிந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான். முதல் ஓட்டம் இந்த வகையில் அரை மணி நேரம் இழுக்கும். அதைப் பாட அட்டவணை அனுமதிக்க வேண்டும்.

கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்துக்கு ஒரு வாரம் அனுப்பிவைப்பது நல்லதே. அங்கே பழகியது ஒரு கம்பெனி கன்ட்ரோல், இங்கே வந்து நிற்பது இன்னொன்று என்றால் அந்த வாரம் வீண். ஃபானுக்கில் ரஃப் டர்னிங்குக்கு (முதற்கட்டக் கடைசலுக்கு) ஜி 71 என்ற கட்டளை; சீமென்ஸில் அதற்கென்று தனி சைக்கிள். அடிப்படை ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். பொத்தான் முன்னால் நிற்பவருக்கு அப்படியில்லை.

பி.எல்.சி. மேசையில் வரும் குழப்பம் சின்னது, ஆனால் ஒரு முழு பிற்பகலைத் தின்றுவிடும். சென்சாரில் மூன்று வயர்: பழுப்பு 24 வோல்ட், நீலம் பூஜ்ஜியம், கறுப்பு சிக்னல். சென்சாரின் விளக்கு எரிகிறது, பி.எல்.சி.யின் இன்புட் விளக்கு எரியவில்லை. சென்சார், சிக்னலில் 24 வோல்ட் தரும் பி.என்.பி. வகை என்றால் இன்புட்களின் பொது முனையான காமன் பூஜ்ஜிய வோல்ட்டில் இருக்க வேண்டும், பூஜ்ஜியம் தரும் என்.பி.என். என்றால் 24 வோல்ட்டில். பழுதான சென்சார் என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் கணிசமானவை நல்ல சென்சார்கள். இதை ஒரு அட்டையில் படம் வரைந்து மேசையிலேயே ஒட்டிவைக்கலாம்.

விலையுயர்ந்த சாதனங்களைவிடப் பயிற்றுநரின் பாக்கெட்டில் இருக்கும் செல்போன்தான் பாடத்தை அதிகம் மாற்றும் என்பது எங்கள் கருத்து. அவரே தன் பட்டறையில், தன் பேச்சில் எடுத்த மூன்று நிமிட வீடியோவை மாணவர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். எடுப்பதற்குச் சில முறைகள் உண்டு. போனைப் படுக்கைவசமாக வைத்து, ஒரு கிளாம்ப்பில் மாட்டி, கிளாம்ப்பை பெஞ்ச் வைஸில் பிடித்துவிட்டால் ஸ்டாண்டு வாங்க வேண்டாம். ஒரு வீடியோவில் ஒரே வேலை. கம்ப்ரெஸர் ஓடும் இடத்தில் பேசிப் பயனில்லை. படம் மட்டும் எடுத்துவிட்டுக் குரலைப் பிறகு அமைதியான அறையில் சேர்க்கலாம். வெல்டிங்கை நேரடியாக எடுத்தால் வெள்ளை ஒளி மட்டும்தான் பதியும், கேமராவும் கெடலாம். லென்ஸுக்கு முன் 11-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியைப் பிடித்து, எக்ஸ்போஷரைப் பூட்டினால் உருகும் குழம்பும் ராடு நுனியும் தெளிவாகத் தெரியும். எடுப்பவர் தம் கண்ணுக்கு ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வீடியோவில் கடைபவர் கண்ணாடி இல்லாமல் நின்றால் மாணவனும் அப்படியே நிற்பான் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, வீடியோவை அனுப்பும் விதம். வெர்னியரில் 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரித்த கோடுகளில் எது மேல் அளவுகோலோடு ஒத்துப்போகிறது என்பதுதான் பாடமே. அதை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 0.02 மில்லிமீட்டர் படிக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்றுதான் இருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்த தரத்திலேயே போய்ச் சேரும். கோப்புக்குத் தலைப்பு வைப்பதற்கு, ஐ.டி.ஐ. பாடநூல்களை வெளியிடும் சென்னை கிண்டி நிமி நிறுவனத்தின் செய்முறைப் புத்தகத்தில் இருக்கும் பயிற்சி எண்ணையே வைத்துவிட்டால் தேடுவது சுலபம்.

ஏற்காட்டு மலைக்கிராமங்களிலிருந்தும் கல்வராயன் மலைப் பக்கமிருந்தும் வரும் மாணவர்களுக்கு வீட்டில் சிக்னல் கிடைப்பது சந்தேகம். லிங்க் அனுப்புவது அவர்களுக்குப் பாடம் அனுப்பியதாகாது. யு.எஸ்.பி. துளை உள்ள ஒரு சாதாரண வைஃபை ரூட்டரில் 64 ஜி.பி. பென்டிரைவைச் சொருகிவைத்தால், இணையமே இல்லாமல், டேட்டா செலவில்லாமல் மாணவர்கள் போனில் இறக்கிக்கொள்வார்கள். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் இறக்கினால் திணறும். ஐந்தைந்து பேராக விடலாம். தகரக் கூரைப் பட்டறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரூட்டரை வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்பதும் நடக்கிறது. கொஞ்சம் பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள் ராஸ்பெரி பை கணினியில் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை நிறுவலாம்; யார் எந்தப் பாடத்தைப் பார்த்தார்கள் என்ற கணக்கும் அதில் கிடைக்கும். மலைமேல் பயிற்சி நடத்துவோருக்கு இன்னொரு தகவல்: மழைக்காலத்தில் 3டி பிரிண்டரின் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை ஈரம் குடித்துவிடும். அச்சடிக்கும்போது படபடவென்று சத்தம், பொருளில் நூல் நூலாகத் தொங்கல். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல், சுருளை 45 முதல் 50 டிகிரியில் நாலைந்து மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் சரியாகும்.

தேர்வு கணினிவழிக்கு மாறியதிலிருந்து ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தின் கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்ய வைப்பதே தொழில்நுட்பப் பயன்பாடு என்று ஆகிவிட்டது. அதே போனில், செய்முறை தொடங்கும் முன் ஐந்து கேள்விகள் கூகுள் ஃபார்மில் கொடுத்துப் பார்க்கலாம். அதில் இரண்டு வெர்னியர் படங்களாக இருக்கட்டும். யாருக்கு அளவு படிக்க வரவில்லை என்பது இரும்பை வீணாக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் செய்யப் பயிற்றுநருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம், பாடவேளை இல்லாமல், மாணவர் இல்லாமல், இயந்திரத்தோடு தனியாக வேண்டும். சனிக்கிழமை பிற்பகலை ஒதுக்கலாம். கைவேலை தெரிந்த மூத்தவரையும் போனும் கணினியும் சரளமாக வரும் இளையவரையும் ஜோடியாக விடுவது பலன் தரும். மாணவர் முன்னால் மூத்தவருக்கு இளையவர் பாடம் எடுக்கும்படி மட்டும் வைத்துவிடக் கூடாது, அதோடு அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். சேலத்தில் சி.என்.சி. வைத்து, ஆர்டருக்குக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஷாப்கள் தொழிற்பேட்டையில் உண்டு. ஆண்டுக்கு இரண்டு வாரம் ஒரு பயிற்றுநர் அங்கே ஷிஃப்ட்டில் நின்றால், எந்த முகாமும் தராத வேகம் கைக்கு வரும். அந்த இரண்டு வாரத்தையும் பணிக்காலமாகவே கணக்கிட வேண்டும், விடுப்பாக அல்ல.

மத்திய அரசின் புதிய திட்டத்தில் 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அது நடக்கும் வரை காத்திருக்காமல் இங்கேயே செய்யக்கூடியது, கொள்முதல் ஆணையில் சில வரிகளைச் சேர்ப்பது. தமிழில் இயக்கக் கையேடும் அலாரம் பட்டியலும் தர வேண்டும். கம்பெனி இன்ஜினியர் நிறுவும் நாளில் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை வர வேண்டும்; கேள்வி எழுவது இரண்டாம் வருகையில்தான். ஓராண்டுக்கான இன்சர்ட், இழை, பேட்டரி விலைக்குள் அடங்க வேண்டும். கடைசி 10 சதவீதப் பணத்தை, பாடத்திட்டத்தில் உள்ள ஒரு பயிற்சியைப் பயிற்றுநர் தாமே புரோகிராம் எழுதி, கம்பெனி ஆள் கை வைக்காமல், அளவு தவறாமல் கடைந்து காட்டிய பிறகு கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொழிற்பயிற்றுநர்கள் சிலர்,
சூரமங்கலம், சேலம்.